கரடிக்குக் கேட்கும்படி

தேவநாதன் அனுப்பியது ஒரே ஒரு படம். சேற்றில் பதிந்திருந்த ஒரு கால்தடம். பக்கத்தில், அளவு தெரிவதற்காக, அவன் தன் பூட்ஸ் காலை வைத்திருந்தான். பூட்ஸ்தான் சின்னதாகத் தெரிந்தது. படத்துக்கு மேலேயோ கீழேயோ ஒரு எழுத்து கிடையாது.

அவன் மனைவி வெண்மதி அப்போது சிதம்பரம் கீழ சன்னதியில், தட்சிணாமூர்த்தியின் நாட்டியச் சாமான் கடையில் உட்கார்ந்து தோல் பட்டையில் சலங்கை மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசியைப் பட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, ‘இது என்னா காலு?’ என்று கேட்டு அனுப்பினாள். பதில் வருவதற்குள் கடையில் மூன்று பேர் வந்து பேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். ‘கரடி’ என்று வந்தது. அவ்வளவுதான். கரடி எங்கே நின்றது, இவன் எங்கே நின்றான், பயந்தானா, ஓடினானா, ஒன்றும் இல்லை. மூன்றே எழுத்து. கட்டிய பெண்டாட்டியிடம் கரடியைப் பற்றிக்கூட மூன்று எழுத்துக்கு மேல் செலவழிக்க மனம் வராத ஆளை என்னதான் செய்வது?

அவன் ருமேனியாவில் இருந்தான். கடலூர்ப் பக்கம் புயல் அடித்துக் கரண்டு கம்பங்கள் சாய்கிறபோதெல்லாம் ஒப்பந்தத்துக்குப் போய்க் கம்பம் நிமிர்த்திய ஆள். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி ஏஜென்ட் மூலமாக விமானம் ஏறினான். அங்கே மலைக்காட்டின் நடுவே பெரிய மின்கம்பிகள் போகின்றன. அவற்றுக்குக் கீழேயே நடந்து, கம்பியைத் தொடுகிற மாதிரி வளர்ந்துவிட்ட மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டு வரவேண்டும். பின்னால் வேறு ஆட்கள் வந்து அவற்றை வெட்டுவார்கள். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவது. துணைக்கு ஒரே ஒருவன், கடலூர் முதுநகர் டோனி. அந்த டோனியும் மே மாதத்தில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். ஆகவே தேவநாதன் அந்தக் காட்டில் தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தான்.

வெண்மதி வண்டலூரில் கூண்டுக்குள் படுத்திருந்த கரடியைத் தவிர வேறு கரடியைப் பார்த்ததில்லை. கடலும் வயலுமாகக் கிடக்கிற ஜில்லா இது. இங்கே பிறந்தவளுக்குப் புயலைத் தெரியும், வெள்ளத்தைத் தெரியும், வீராணத்தில் தண்ணீர் திறந்தால் எந்தத் தெரு முழுகும் என்று தெரியும். கரடிக்கு எங்கே போவது? அன்றிலிருந்து கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் செல்போனில் கரடி வீடியோ பார்த்தாள். கரடி மரம் ஏறியது, ஆற்றில் மீன் பிடித்தது, யாரோ ஒருவரின் கார்க் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. தமிழில் பேசிய ஒருவர், கரடி வந்தால் செத்தது போலப் படுத்துவிடுங்கள் என்றார். அடுத்தவர், படுத்தால் தொலைந்தீர்கள் என்றார். இரண்டு பேருமே சிரித்த முகமாகச் சொன்னதுதான் வெண்மதிக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் புருஷன்மார் யாரும் காட்டில் இல்லை போலிருக்கிறது.

தேவநாதன் பேசாமல் இருந்த நாள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் நடக்கிற பாதையில் ஒரு மேடு உண்டு. அந்தக் காட்டிலேயே அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதன்மேல் ஏறி நின்று கூப்பிடுவான். இங்கே அப்போது சாயங்கால டீ நேரம் ஆகியிருக்கும். “சாப்டியா?” என்பான். அவள் சாப்பிட்டதை, சமைத்ததை, கடைக்கு வந்தவர்களை, வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் போட மறந்ததை எல்லாம் சொல்வாள். அவன் “ம்” என்பான். இடையிடையே இன்னொரு “ம்”. “அப்பறம்?” என்று அவள் கேட்டால், “அப்பறம் ஒண்ணுமில்ல. வைக்கட்டா?” என்பான். வைத்துவிடுவான்.

பெண் பார்க்க வந்த நாளிலேயே அவன் அதிகம் பேசவில்லைதான். ஆனால் பக்கத்தில் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பேசாத மனிதனுக்கும் கை இருக்கிறது, பார்வை இருக்கிறது. பூ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போகத் தெரிகிறது. செல்போனில் அதெல்லாம் வருமா? அதில் குரல் மட்டும்தான் வரும். அந்தக் குரலையும் அவன் இப்படி முடிந்துவைத்துக்கொண்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

ஒரே ஒரு முறை அவன் தானாக வாயைத் திறந்து, “பொங்கலுக்கு வந்துடறேன்” என்று சொன்னான். போன வருஷத்துப் பொங்கல். வெண்மதி ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் திரை தைத்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். தெருவில் கேட்காதவர்களிடமும் சொன்னாள். கரும்பு வாங்கிச் சாத்திய பிறகு, கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டதாகக் கூப்பிட்டான். அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. “வர முடியாதுன்னா என்னாத்துக்கு வரேன்னு சொன்னீங்க?” என்று கத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஐப்பசியில் ஒப்பந்தம் முடிகிறது. தீபாவளிக்கு வந்துவிடலாம், அல்லது இன்னொரு வருஷம் எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே இருக்கலாம். எது என்று அவள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனாள். “பாக்கலாம்” என்பான். வருவானா மாட்டானா என்பதுகூட அப்புறம்தான். வரவேண்டும் என்ற ஆசையாவது அவனுக்கு இருக்கிறதா? அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அவளுக்கோ ஆசை அடங்கவில்லை. படுக்கையில், பஸ்ஸில், சலங்கை கோக்கிற பட்டையில் எல்லாம் அவனாகவே இருந்தான்.

இந்த லட்சணத்தில்தான் கரடி வந்து சேர்ந்தது.

“மணி கட்டும்மா” என்றார் தட்சிணாமூர்த்தி. கடை முதலாளிக்கு எந்த வியாதிக்கும் மருந்து அவர் கடையிலேயே இருக்கும். ஆனால் இந்த முறை அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. வீடியோவில் வெள்ளைக்காரர்கள் முதுகுப் பையில் மணி கட்டிக்கொண்டு காட்டில் நடப்பதை வெண்மதியும் பார்த்திருந்தாள். மனிதன் வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கரடி தானாக ஒதுங்கிப் போய்விடுமாம். திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் ஆபத்தாம்.

மங்கலம்பேட்டையில் இருக்கிற அவள் அண்ணன் கொளஞ்சியப்பனுக்கு மணியில் நம்பிக்கை இல்லை. அவனுடைய கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது. “வெடிதான். அணுகுண்டு வெடி ரெண்ட கொளுத்திப் போட்டா பன்னி அந்தாண்ட ஊருக்கு ஓடிடுது. கரடி ஓடாதா?” என்றான்.

“பிளேன்ல வெடிய எடுத்துட்டுப் போனா டோனி அண்ணன புடிச்சி உள்ள வச்சிருவானுங்க.”

“அப்ப நாய் வளக்கச் சொல்லு.”

“அவரு நாய்கிட்டயும் பேச மாட்டாரு. நாயி ஏங்கிப் போயிடும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

மணிதான் என்று முடிவானது. கடையிலேயே நல்ல கனமான வெண்கல மணிகளாகப் பொறுக்கி எடுத்தாள். குழந்தைகள் கட்டுகிற சின்ன மணி காட்டுக்கு எந்த மூலைக்கு? அகலமான தோல் பட்டையில் நெருக்கமாகக் கோத்து, இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி பக்கிள் வைத்துத் தைத்தாள். தட்சிணாமூர்த்தி அதை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதோடு நின்றாளா? நிற்கவில்லை. நம் ஊரிலிருந்து ஒருவன் வெளிநாட்டுக்குக் கிளம்பினால் அவன் பெட்டியில் பாதி அவனுடையதாக இருக்காது. அக்கம்பக்கத்து ஊறுகாய், அப்பளம், மாத்திரை, குலதெய்வத்துத் திருநீறு எல்லாம் அதில் ஏறிவிடும். வெண்மதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் போய் சென்னாக்கூனி வாங்கினாள். நகத்தளவுகூட இல்லாத அந்தக் குட்டி இறால்களைக் காய வைத்தால் வருகிற வாசனை இருக்கிறதே, தேவநாதன் அதற்காகவே இரண்டு தட்டு சோறு சாப்பிடுவான். மண் போக அலசி, உலர்த்தி, மிளகாயும் பூண்டும் வைத்து வறுத்து இடித்தாள். மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டியும் வாசனை நிற்கவில்லை. நிற்காதது நல்லதுதான் என்று நினைத்தாள். அங்கே பிரித்ததும் வீடு ஞாபகம் வரட்டும். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று மூக்காவது அவனுக்குச் சொல்லட்டும்.

டோனி திரும்பிப் போவதற்கு முன்தினம், மத்தியானத்தில் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினாள். பையைக் காலடியில் வைத்தாலும் மணி குலுங்கியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதுநகரில் இறங்கி, துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்த டோனி வீட்டுக்கு அவள் நடந்துபோனதும் நாட்டியம் ஆடப் போகிறவள் மாதிரிதான் இருந்தது.

“வா தங்கச்சி, வா” என்றான் டோனி. தேவநாதனை அவன் மச்சான் என்று கூப்பிடுவான். அந்தக் கணக்கில் வெண்மதி அவனுக்குத் தங்கச்சி. டோனியின் மனைவி ஆரோக்கிய ராணி கட்டில்மேல் திறந்து கிடந்த பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நாளைக்கு அவளும் வெண்மதி மாதிரிதான். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வெண்மதியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வெண்மதி பையைப் பிரித்தாள். முதலில் சென்னாக்கூனிப் பொட்டலம் வெளியே வந்தது. டோனியின் முகம் மாறியது.

“இது வேணாம் தங்கச்சி.”

“கொஞ்சந்தாண்ணே. வெயிட் ஜாஸ்தி இல்ல.”

“வெயிட்டு இல்லம்மா. கரடிக்கு மூக்கு எவ்ளோ தூரம் போவும் தெரியுமா? மல அந்தாண்ட இருந்து வரும். எங்க கொட்டாயில பல்லு வெளக்குற பேஸ்ட்டு, சோப்பு எல்லாத்தையும் இரும்புப் பொட்டியில வச்சி பூட்டச் சொல்றான். அதுக்கே வருது. இத எடுத்துட்டுப் போனா கரடிக்கு பத்திரிக்க வச்ச மாதிரி ஆயிடும்.”

வெண்மதி பொட்டலத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக எதை அனுப்பிக்கொண்டிருந்தாள்?

“போன தடவ வேற ஒருத்தர் கையில குடுத்துவிட்டனே. அவரு ஒண்ணும் சொல்லலியே?”

“அவன் எங்க சொல்லுவான்? நீ அனுப்பிச்சத அவனால தூக்கிப் போட முடியல. அந்த இரும்புப் பொட்டியில வச்சிருந்தான். ஞாயித்துக்கெழம காட்டுக்குப் போக வேணாம் பாரு, அன்னிக்கி ஒரு ஸ்பூன் எடுத்து சோத்துல போட்டுத் தின்னுட்டு, குளிச்சி, சட்டய மாத்திட்டுப் படுப்பான். தீந்துபோனப்பறம் அந்தக் காலி கவர ரொம்ப நாளு பொட்டிக்குள்ளயே வச்சிருந்தான். தொறந்து மோந்து பாத்துட்டு மூடுவான். நாந்தான் திட்டி எரிக்கச் சொன்னேன். இப்ப இதக் குடுத்தன்னு வச்சிக்க, மனசு கேக்காம சட்டப் பையில போட்டுக்கிட்டே காட்டுக்குள்ள நடந்தாலும் நடப்பான்.”

அவள் பொட்டலத்தை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்தாள். ஆசையாகச் செய்ததை அவனுக்கு அனுப்பாமல் இருப்பதுதான் அவனுக்குச் செய்கிற நல்லது என்றால், அப்படியே ஆகட்டும். ஆனால் அந்தக் காலி கவரை மோந்து பார்த்தவன் ஒரு நாளாவது செல்போனில் அதைச் சொன்னானா? “ம்” என்றான். “வைக்கட்டா” என்றான்.

“இத எடுத்துட்டுப் போங்க” என்று மணிப்பட்டையை எடுத்து நீட்டினாள். குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது.

டோனி குலுக்கிப் பார்த்தான். சிரிக்காமல் இருக்க முயன்றான், முடியவில்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மணியும் சரிப்படாது தங்கச்சி. எங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தவன் மொத நாளே சொல்லிட்டான். காட்டுல ஓடத்தண்ணி ஓடுது, காத்து அடிக்குது. இந்தச் சத்தம் தூரமா எடுபடாது. எடுபட்டாலும் மணிய கேட்டா மனுசன்னு கரடிக்குத் தெரியாது. என்னாடா இதுன்னு பாக்க வந்தாலும் வரும்.”

“அப்ப எதுதான் சரிப்படும்? வெறுங்கையோட போகச் சொல்றீங்களா?” வெண்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இரு இரு. ஸ்ப்ரே இருக்கு. மொளகா காரம்தான், டப்பாவுல அடச்சி வச்சிருப்பான். கரடி கிட்ட வந்துட்டா, காத்து நம்ம மூஞ்சிக்குத் திரும்பாம பாத்து, அது மூஞ்சிக்கு முன்னால அடிக்கணும். கம்பெனியில எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு குடுத்திருக்கான். எங்க செட்டுல ஒரு பய அத கொசு மருந்துன்னு நெனச்சி கை காலெல்லாம் அடிச்சிக்கிட்டு ராவெல்லாம் அலறுனான்.”

“ஆளுக்கு ஒண்ணு வேணும். அங்க போனதும் இன்னொண்ணு வாங்குங்கண்ணே. பையில போட்டு வைக்கக் கூடாது, இடுப்புல மாட்டணும். எடுக்கறதுக்குள்ள கரடி வந்துரும். வீடியோவுல பாத்தேன்.”

“வாங்கிடறேன். ஆனா ஸ்ப்ரே கடேசிதான். அது கிட்டக்க வராம பாத்துக்கறதுதான் மொதல்ல. அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான், மனுசன் குரலு. நடக்கும்போது சத்தமா பேசிக்கிட்டே போவணும். மனுசன் பேச்சக் கேட்டா அதுவே வெலகிப் போயிடும்.”

வெண்மதி டோனியையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “பேசணுமா? அவரா? கரடி வந்து பக்கத்துல உக்காந்தாகூட ‘ம்’னுதாண்ணே சொல்லுவாரு. அவரு பொழைக்கிறதுக்கு வாயத்தான் தொறக்கணும்னா, அவ்ளோதான், நான் தல முழுவிட வேண்டியதுதான்.”

“என்னா தங்கச்சி இப்படிச் சொல்ற?” டோனிக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. “அவன மாதிரி பேசுற ஆளு அந்த மலையிலயே இல்ல. நானாவது ஜெபம் சொல்லுவேன், அது தீந்துபோனா கோயில் பாட்ட எடுத்து விடுவேன். அவன் காலையில ஆரம்பிச்சா எறங்குற வரைக்கும் நிறுத்த மாட்டான். மொதல்ல போனுல பேசுறான்னு நெனச்சேன். அங்க டவரே கெடையாதேன்னு பாத்தா, கையில சாய டப்பாதான் இருக்கு. உங்கிட்டதான் பேசிக்கிட்டுப் போறான்.”

“எங்கிட்டயா?”

“வெண்மதி, வெண்மதின்னு உம் பேரத்தான் ஏலம் போடுறான். ஆருத்ரா தேருக்குப் போனப்ப கூட்டத்துல நீ அவன் சட்டயப் புடிச்சிக்கிட்டு வந்தியாமே, சட்ட கிழிஞ்சிடுச்சாமே. அந்தச் சட்டய இன்னும் தூக்கிப் போடலையாம். நீ கொழம்புல புளி ஜாஸ்தி போடுவியாம், அங்க கெடைக்கிற எந்தக் கொழம்புலயும் புளியே இல்லியாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் சொல்லு? இன்னும் நெறய இருக்கு. புருசன் பொண்டாட்டி பேச்சு, நான் காத மூடிக்கிட்டு பின்னால வருவேன்.”

அந்தக் கிழிந்த சட்டை வெண்மதிக்கே மறந்துவிட்டது. டீ ஆறிக்கொண்டிருந்தது. டோனி தன் செல்போனை எடுத்து எதையோ தேடினான். “ஓட பக்கத்துல பூவெல்லாம் நல்லா இருந்துச்சின்னு ராணிக்கு அனுப்ப எடுத்தேன். அதுல அவன் சத்தமும் விழுந்துடுச்சி. இந்தா.”

திரையில் நீல நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் ஆடின. தண்ணீர் ஓடுகிற சத்தம். கொஞ்ச தூரத்தில், பாதை வளைகிற இடத்துக்கு அப்பாலிருந்து, ஒரு குரல். வெண்மதி அப்படி ஒரு குரலை அவனிடம் கேட்டதே இல்லை. மேடையில் பேசுகிறவனைப் போல, அந்தப் பக்கத்து மலைக்கும் கேட்கிற குரல்.

“ஏ வெண்மதி, இங்க ஓட வருது. கல்லு வழுக்கும், பாத்து கால வையி. வச்சிட்டியா? சரி, வா. இந்த மரத்துக்கு அடிச்சிடறேன், செத்த நில்லு. இப்ப நீ கேப்ப, ஐப்பசிக்கு வரீங்களா இல்லியான்னு. வரணும்னுதான் இருக்கு. எனக்கு வேற என்னா இருக்கு சொல்லு? ராவுல படுத்தா நம்ம ஊட்டு ஜன்னல்தான் தெரியுது. புதுத் தெர போட்டியே, அது என்னா கலருன்னுகூட நான் பாக்கல. ஆனா வரேன்னு சொல்லிட்டு அன்னிக்கி மாதிரியே ஆயிடுச்சின்னா நீ அழுவ. அந்த அழுகய இங்க நின்னுக்கிட்டு என்னால கேக்க முடியல வெண்மதி. கிட்ட இருந்தாலும் பரவால்ல. அதான் வாயத் தொறக்க மாட்டேங்குறேன். கோச்சிக்காத...”

பூக்கள் நின்றுவிட்டன. வீடியோ அவ்வளவுதான்.

அவள் மறுபடியும் போட்டாள். மூன்றாவது முறை போடும்போது ஆரோக்கிய ராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெண்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதலில் வந்தது சந்தோஷம். அதன் பின்னாலேயே பொறாமை வந்தது. கரடியின் மேல் பொறாமை. அவள் வருஷக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அத்தனை பேச்சையும் மரத்துக்குப் பின்னால் நின்று அதுவல்லவா கேட்டிருக்கிறது!

மணிப்பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “வேற எதாவது குடுக்கறதா இருந்தா குடு தங்கச்சி. பொட்டியில எடம் இருக்கு” என்றான் டோனி.

“ஒண்ணும் இல்லண்ணே. ஸ்ப்ரே மட்டும் மறக்காம வாங்கிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, “கருவாடா?” என்று கேட்டாள். “சென்னாக்கூனி. எங்க ஊட்டுக்காரருக்கு” என்றாள் வெண்மதி. ஆலப்பாக்கம் தாண்டும்போது செல்போன் அடித்தது.

“சாப்டியா?”

“சாப்டேன். நீங்க?”

“ம்.”

மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவள் ஆரம்பித்திருப்பாள். இன்று ஆரம்பிக்கவில்லை. மேட்டில் காற்று அடிப்பது இங்கே கேட்டது. அவளுடைய மௌனம் அவனுக்குப் பழக்கமில்லை, தவித்துப்போயிருக்க வேண்டும்.

“என்னா, சத்தமே காணும்?” என்றான்.

“டோனி அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன். ஒரு வீடியோ காட்டுனாரு. பூ எடுத்த வீடியோ. அதுல நீங்க கரடிகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க.”

நெடுநேரம் காற்றுதான் கேட்டது. வைத்துவிட்டானோ என்று பயந்து திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

“கரடிகிட்ட இல்ல” என்றான்.

“தெரியும். இப்ப எங்க நிக்கிறீங்க? மேட்டுலயா? நிக்காதீங்க. எறங்கி நடங்க.”

“நடந்தா டவர் போயிடும் வெண்மதி.”

“போறப்ப போகட்டும். நடந்துக்கிட்டே பேசுங்க. பேசாம நடந்தா கரடி வரும்.”

பூட்ஸ் காலடியில் சரளைக் கல் நொறுங்குகிற சத்தம் வந்தது. நடக்கிறான். “என்னா பேசறது?” என்று கேட்டான், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பையன் மாதிரி இருந்தது.

“தீவாளிக்கு வரேன்னு சொல்லுங்க.”

“அனுப்பாம புடிச்சி வச்சிக்கிட்டானுங்கன்னா? அன்னிக்கி மாதிரி...”

“அனுப்பலன்னா அழுறேன். அது எம் பாடு. கரும்பு வாங்கி வச்சிட்டு அழுறதுக்காவது எனக்கு ஒரு நாளு இருந்துச்சிங்க. இப்ப அதுவும் இல்ல. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தா நான் எத நெனச்சிக்கிட்டு காத்திருக்கறது? சொல்லிட்டு வராம போங்க, பரவால்ல. சொல்லுங்க.” பக்கத்து அம்மாள் இப்போது மூக்கைச் சுளிக்கவில்லை, எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்ப்பது போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள்.

சரளைச் சத்தம் மண் சத்தமாக மாறியது. மேட்டிலிருந்து இறங்கிவிட்டான். குரல் நடுவில் ஒருமுறை அறுந்து மறுபடி வந்தது. வந்தபோது அது செல்போனில் பேசுகிற குரலாக இல்லை. ஓடைக்கரையில் கேட்ட குரல், அந்தப் பக்கத்து மலைக்கும் கேட்கிற குரல்.

“வரேன் வெண்மதி. தீவாளிக்கு வரேன். அந்தத் தெர என்னா கலருன்னு சொல்லாத, நானே வந்து பாத்துக்கறேன். இங்க பள்ளம் வருது, பாத்து வா. நேத்திக்கி இந்த எடத்துலதான் உங்கிட்ட என்னா சொன்னேன் தெரியுமா...”

அதோடு அறுந்துவிட்டது. திரையில் அவன் பேர் அணைந்தது.

வெண்மதி செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பஸ் பி.முட்லூரில் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டியது. எடுக்கவில்லை. டவர் போனால் என்ன? அவன் அங்கே கையில் சாய டப்பாவோடு நடந்துகொண்டிருக்கிறான். நேற்று என்ன சொன்னான் என்பதை இந்நேரம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். சாயங்காலம் இறங்குகிற வரைக்கும் நிறுத்த மாட்டான்.

“கட்டாயிடுச்சாம்மா?” என்றாள் பக்கத்து அம்மாள்.

“இல்லங்க, பேசிக்கிட்டு இருக்காரு” என்றாள் வெண்மதி. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. பையில் மணி குலுங்கியது. அவள் செல்போனை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி, “ம்” என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை, “ம்” என்றாள்.